அடுத்த பிளேஸ்டேஷன் பற்றிய லீக்கை நம்பி பிஎஸ்5-ஐ விற்கலாமா?

குகை_கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். சேலம் குகையில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் டிஸ்க் போடுகிற பிஎஸ்5 இருக்கிறது, நல்ல நிலையில். பழைய கேம் டிஸ்க் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம் என்று பழைய கன்சோல் வாங்கி விற்கும் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர், "அடுத்த பிளேஸ்டேஷன் ரெடி ஆயிடுச்சு தம்பி, லீக் வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா இதை யாரும் சீண்ட மாட்டாங்க. இப்பவே குடுத்தா 18,000 தர்றேன்" என்றார். அந்த லீக், அதாவது கசிந்த ரகசியத் தகவல், இதுதான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினார். அதில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்:

"நான் சிப் தயாரிப்பில் வேலை செய்கிறேன். பெயர் சொல்ல முடியாது. அடுத்த பிளேஸ்டேஷனில் 60 கம்ப்யூட் யூனிட், 3 கிகாஹெர்ட்ஸ், 46 டெராஃப்ளாப். பிஎஸ்1 முதல் எல்லா டிஸ்க்கும் ஓடும். விலை பிஎஸ்5-ஐ விடக் குறைவு. அறிவிப்பு மிக விரைவில்."

எனக்கு 18,000 சின்னத் தொகை இல்லை. ஆனால் விற்றுவிட்டால் திரும்ப வாங்குவது அதைவிடக் கஷ்டம். பெயர் தெரியாத ஒருவர் சொல்வதை எதை வைத்து எடைபோடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடிவாரம்_சேகர்

கார்த்தி தம்பி, முதலில் கன்சோலைக் கொடுத்துவிடாதீர்கள். நிதானமாகப் பார்க்கலாம்.

இந்த மாதிரி லீக் வந்தால் "சொன்னவர் நம்பகமான ஆளா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெயரே இல்லாத ஆளைப் பற்றி அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அதைவிட, இந்தத் தகவல் ஒருவர் கைக்கு எந்த வழியாக வந்திருக்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கன்சோல் வெளிவருவதற்குள் பல கைகள் அதைத் தொடுகின்றன. சிப்பை வடிவமைப்பவர்கள், அதை அச்சிடும் ஆலை, கன்சோலைப் பூட்டும் தொழிற்சாலை, டெவ்கிட் (கேம் செய்பவர்களுக்கு முன்கூட்டியே தரும் சோதனைக் கன்சோல்) வாங்கி கேம் செய்யும் ஸ்டுடியோக்கள், கன்ட்ரோலரும் உறையும் செய்கிறவர்கள், கடைசியாகக் கடைகள். இவர்களில் யாருக்கும் முழுக் கன்சோலும் தெரியாது. கேம் ஸ்டுடியோவில் படம் வரைகிறவருக்கு டெவ்கிட் மேசையில் இருப்பது தெரியும், விலை தெரியாது. கடையில் இருப்பவருக்கு விலையும் தேதியும் கடைசி நேரத்தில் தெரியும், சிப் பற்றித் தெரியாது.

இப்போது உங்கள் ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள். சிப் தயாரிப்பில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் கம்ப்யூட் யூனிட், அதாவது சிப்பில் படக் கணக்குப் போடும் பிரிவுகளின் எண்ணிக்கையைச் சொல்கிறார், சரி. பிஎஸ்1 டிஸ்க் ஓடும் என்பது சோனியின் மென்பொருள் குழுவுக்குள் இருக்கும் விஷயம். விலை மேலிடத்து விஷயம். அறிவிப்பு எப்போது என்பது விளம்பரத் துறைக்குத் தெரியும். இந்த நான்கும் ஒரே ஆளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றே ஒன்றைச் சொல்லியிருந்தால் நான் இன்னும் கவனமாகப் படித்திருப்பேன்.

அதிலும் விலை. 2020-ல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் விலை 299 டாலர் என்ற லீக் செப்டம்பர் 8 வாக்கில் வந்தது, மைக்ரோசாஃப்டும் உடனே ஒப்புக்கொண்டது. பிஎஸ்5 விலையை சோனி செப்டம்பர் 16-ல்தான் சொன்னது. இரண்டும் நவம்பரில் விற்பனைக்கு வந்தன. அதுவரை இரு கம்பெனிகளும் முந்தி விலை சொல்லாமல் காத்திருந்தன. அதனால் விற்பனைக்குச் சில வாரம் முன்னால் வரும் விலை லீக்கை நான் மதிப்பேன். பெட்டி எப்படி இருக்கும் என்றே தெரியாத காலத்தில் வரும் விலை லீக்கை மதிக்க மாட்டேன்.

ஐந்துரோடு_விக்கி

சேகர் அண்ணா, ஆள் முக்கியம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிஎஸ்5 ப்ரோ பற்றிய விவரத் தாள் 2024 மார்ச்சில் "மூர்ஸ் லா இஸ் டெட்" யூடியூப் சேனலில் வந்தது. இன்னொரு செய்தியாளரும் தன் வழியில் அதை உறுதி செய்தார். செப்டம்பர் 10-ல் சோனி அறிவித்தபோது 45 சதவீதம் வேகமான ரெண்டரிங் என்பது அந்தத் தாளில் இருந்தபடியே வந்தது. படத்தைத் தெளிவாக்கும் அந்த பிஎஸ்எஸ்ஆர் தொழில்நுட்பமும் அப்படித்தான். ஒருமுறை சரியாகச் சொன்னவரை அடுத்த முறை நம்பாமல் எப்படி இருப்பது?

ஃபேர்லேண்ட்ஸ்_அகிலா

நான் சேலத்துக்காரிதான், இப்போது பெங்களூரில் சிப் சரிபார்ப்பு வேலை. கன்சோல் சிப் இல்லை, அதனால் உள்ளே இருந்து சொல்ல எனக்கு எந்த ரகசியமும் கிடையாது. ஆனால் ஒரு சிப் எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டி வருகிறது என்று தெரியும். அதைச் சொல்கிறேன்.

விக்கி, நீங்கள் எடுத்துக்கொடுத்த உதாரணமே நல்ல உதாரணம். அந்தத் தாள் உண்மையானது. அந்த வீடியோவை பதிப்புரிமைப் புகார் கொடுத்து சோனி நீக்க வைத்ததும் அதற்கு ஒரு சான்று. பொய்த் தாளுக்குப் பதிப்புரிமை கேட்டு யாரும் வர மாட்டார்கள். ஆனால் அந்த லீக்கில் எல்லோரும் பிடித்துக்கொண்ட எண் எது? 33.5 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு 33.5 லட்சம் கோடி கணக்கு. அந்த வருடம் டிசம்பரில் பிளேஸ்டேஷன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி அதை விளக்கினார்: பிஎஸ்5 ப்ரோ 16.7 டெராஃப்ளாப். ஒரு கடிகாரத் துடிப்பில் இரண்டு கணக்கு சேர்த்துச் செய்யும் வசதியை வைத்து எண்ணை இரட்டிப்பாக்கியதால்தான் 33.5 வந்தது. பிஎஸ்5-இன் 10.28-க்குப் பக்கத்தில் 33.5-ஐ வைத்து "மூன்று மடங்கு" என்று எத்தனையோ பேர் வீடியோ போட்டார்கள். தாள் கிடைப்பது ஒரு விஷயம், அதைப் புரிந்து படிப்பது வேறு விஷயம்.

இதே கணக்கைக் கார்த்தி தம்பியின் ஸ்கிரீன்ஷாட்டில் போட்டுப் பார்க்கலாம். ஏஎம்டி கம்பெனி வகை ஜிபியுவில் (படம் வரையும் சிப்) ஒரு கம்ப்யூட் யூனிட்டுக்கு 64 கணக்குப் பாதைகள், ஒவ்வொன்றும் ஒரு துடிப்பில் 2 செயல். அதாவது யூனிட் எண்ணிக்கையை 128-ஆல் பெருக்கி, கிகாஹெர்ட்ஸால் பெருக்கினால் டெராஃப்ளாப். (கடைசியில் 1000-ஆல் வகுக்க வேண்டும்.)

பிஎஸ்5: 36 × 128 × 2.23 = 10.28. சரி.
சீரிஸ் எக்ஸ்: 52 × 128 × 1.825 = 12.15. இதுவும் சரி.
ஸ்கிரீன்ஷாட்: 60 × 128 × 3 = 23.04.

46 என்பது இதன் இரட்டிப்பு. எழுதியவர் இரட்டிப்பு எண்ணைப் போட்டிருக்கிறார், அதை எங்கேயும் சொல்லவில்லை. சிப் வேலையில் இருப்பவர் இரண்டில் எது என்று சொல்லாமல் விடுவது எனக்கு நெருடுகிறது. ஆனால் ஒன்று: இந்தக் கணக்கு ஒத்துப்போவதால் லீக் உண்மை என்று ஆகாது. பொய் எழுதுபவரிடமும் கால்குலேட்டர் இருக்கிறது. கணக்கு உதைத்தால் தூக்கிப் போடலாம், ஒத்துப்போனால் அடுத்த கேள்விக்குப் போகலாம், அவ்வளவுதான்.

ஐந்துரோடு_விக்கி

அக்கா, கணக்கு புரிந்தது. ஆனால் பிஎஸ்5 வருவதற்கு முன்னால் கிட்ஹப்பில் (நிரல் கோப்புகளைப் பகிரும் தளம்) வந்த லீக் 9.2 என்று சொன்னதே. வந்தது 10.28. அப்போது அதுவும் பொய்தானே? பொய்யையும் உண்மையையும் எப்படிப் பிரிப்பது?

ஃபேர்லேண்ட்ஸ்_அகிலா

இதைத்தான் எழுத நினைத்தேன்.

2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் பேசப்பட்ட அந்தக் கோப்புகள் ஏஎம்டி சிப்களின் சோதனைத் தரவுகள். அதில் "ஓபரான்" என்ற குறியீட்டுப் பெயருள்ள சிப்புக்கு 36 கம்ப்யூட் யூனிட், 2 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. 36 × 128 × 2 = 9.2. அதே சமயம் பெயர் சொல்லாத இன்சைடர்கள் பலர் பிஎஸ்5 13 டெராஃப்ளாப் வரை போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய எண் என்பதால் அதற்குத்தான் கைதட்டல் அதிகம். 2020 மார்ச் 18-ல் செர்னி மேடையில் சொன்னது: 36 யூனிட், 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை.

யூனிட் எண்ணிக்கை துல்லியமாகச் சரி. கிளாக், அதாவது கிகாஹெர்ட்ஸ் வேகம், மாறியிருக்கிறது. இது ஏன் என்றால், யூனிட்டுகள் சிலிக்கானில் பொறிக்கப்பட்டவை. சிப் வடிவம் முடிந்த பிறகு அதைக் கூட்ட முடியாது. கிளாக் அப்படி இல்லை. மின்சாரம், சூடு, ஃபேன், எத்தனை சிப் தேறுகிறது என்பதையெல்லாம் பார்த்துக் கடைசி மாதங்களில் கூட ஏற்றலாம் இறக்கலாம். எக்ஸ்பாக்ஸ் ஒன் ஜிபியு 800 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது, 2013 ஆகஸ்டில் 853 ஆக்கினார்கள். சிபியுவையும் 1.6-இல் இருந்து 1.75 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினார்கள். நவம்பரில் விற்பனை! பிஎஸ்4-க்கு லீக் ஆன ஆவணங்களில் 4 ஜிபி ரேம் என்று இருந்தது. 2013 பிப்ரவரி 20 அன்று சோனி 8 ஜிபி என்று அறிவித்தது. ஆவணம் எழுதப்பட்ட நாளில் 4 என்பது உண்மைதான்.

ஆகவே ஒரு லீக்கைப் பார்க்கும்போது அதில் எது கடைசி வரை மாறாதது, எது மாறக்கூடியது என்று பிரித்துப் பாருங்கள். சிப்பின் அளவு, யூனிட்டுகள், நினைவகப் பாதையின் அகலம் இதெல்லாம் சீக்கிரம் உறைந்துவிடும். கிளாக், ரேம் அளவு, எஸ்எஸ்டி அளவு, விலை, தேதி எல்லாம் கடைசி வரை இளகியே இருக்கும். மாறக்கூடியதை "இறுதி முடிவு" என்று ஒருவர் ரொம்ப முன்னாலேயே அடித்துச் சொன்னால் அவருக்கு இந்த வேலையின் போக்கே தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

முன்பு சரியாகச் சொன்னவரை நம்பலாமா என்று கேட்டீர்கள். ஓரளவு நம்பலாம். ஆனால் எந்த விஷயத்தில் சரியாகச் சொன்னார் என்று பாருங்கள். டெவ்கிட் தாள் கிடைக்கும் ஒருவர் டெவ்கிட் பற்றிச் சரியாகச் சொல்வார். அவரே விலை பற்றிப் பேசும்போது அவரும் நம்மைப் போல ஊகிக்கிறார், அந்த இடத்தில் அவருடைய பழைய வெற்றி உதவாது. அப்புறம் அவர் சொல்லித் தவறியவற்றையும் தேடுங்கள். நிறையப் பேர் பத்து ஊகம் எழுதிப் போட்டு, தவறியதை அழித்துவிட்டு, பலித்த ஒன்றை மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிறார்கள்.

கொலுசுப்பட்டறை_மணி

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பையனுக்காக இந்தக் குழுவில் சேர்ந்தேன், இப்போது நானே தினமும் படிக்கிறேன்.

அகிலா அம்மா சொன்னதில் எனக்குப் பழக்கமான ஒன்று இருக்கிறது. பழைய வெள்ளி வாங்கும்போது மேலாக உரசிப் பார்த்தால் முலாம்தான் பேசும். வெட்டி உருக்கிப் பார்த்தால்தான் டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு என்று தெரியும். லீக்கில் போட்டோ என்பது மேல் உரசல். 2016 மார்ச்சில் நின்டெண்டோவின் புது கன்சோலுடைய கன்ட்ரோலர் என்று இரண்டு படம் பரவியது. அப்போது அதற்கு என்எக்ஸ் என்று பெயர். முட்டை வடிவம், முழுக்கத் திரை. நின்டெண்டோவே தாக்கல் செய்திருந்த ஒரு காப்புரிமை விண்ணப்பப் படத்தோடு அப்படியே பொருந்தியது. பையன் அதை போனில் வால்பேப்பராகவே வைத்திருந்தான். பிறகு அதைச் செய்தவர்களே வந்து எப்படிச் செய்தோம் என்று காட்டினார்கள். ஒன்று கம்ப்யூட்டரில் உருவாக்கியது, இன்னொன்று நிஜமாகச் செய்த மாடல்.

அதே வருடம் ஆகஸ்டில் மெலிந்த பிஎஸ்4 படங்கள் வந்தன, இங்கிலாந்தில் பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றில். அதையும் பொய் என்றுதான் பலர் சொன்னார்கள். ஆனால் யூரோகேமர் என்ற கேம் செய்தித் தளத்தின் ஆட்கள் நேரில் போய், பெட்டியைக் கையில் எடுத்து, ஆன் செய்து பார்த்துவிட்டு எழுதினார்கள். அடுத்த மாதம் சோனி அதையே வெளியிட்டது. இரண்டிலும் போட்டோதான். ஒன்றில் வேறொருவர் போய்த் தொட்டுப் பார்க்க வழி இருந்தது, மற்றதில் இல்லை.

அடிவாரம்_சேகர்

மணி அண்ணன் சொன்ன என்எக்ஸ் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அந்தப் படம் காப்புரிமையோடு பொருந்தியது என்பதாலேயே பலர் நம்பினார்கள். காப்புரிமை எல்லோரும் பார்க்கக்கூடிய ஆவணம், பொய் செய்பவரும் அதைப் பார்த்துத்தான் செய்வார். ஏற்கனவே வெளியே இருக்கும் தகவலோடு பொருந்துவது சான்று ஆகாது. அப்போது வெளியே இல்லாத ஒன்றை முன்கூட்டியே சொல்லி, பிறகு அது வேறு வழியில் உறுதியாக வேண்டும். அதே 2016 ஜூலையில் யூரோகேமர் எழுதியதைப் பாருங்கள்: என்எக்ஸ் கையில் பிடிக்கும் கருவி, இரண்டு பக்கமும் கன்ட்ரோலர் கழன்று வரும், உள்ளே என்விடியா டெக்ரா சிப். யாரும் எதிர்பார்க்காத வடிவம். தவறினால் மானம் போகும் அளவுக்குக் குறிப்பான வார்த்தைகள். அக்டோபர் 20-ல் நின்டெண்டோ அதை ஸ்விட்ச் என்ற பெயரில் அப்படியே அறிமுகப்படுத்தியது.

காப்புரிமை எப்போதுமே பயனற்றது என்று சொல்லவில்லை. பிஎஸ்5 டெவ்கிட்டின் அந்த "வி" வடிவம் 2019 ஆகஸ்டில் பிரேசில் காப்புரிமை அலுவலகத்தில் சோனி பதிவு செய்த வரைபடத்தில் இருந்துதான் வெளியே தெரிந்தது. பிறகு ஸ்டுடியோக்களில் இருந்து நிஜப் படங்களும் வந்தன.

அரசாங்கப் பதிவுகள், கப்பல் சரக்குப் பதிவுகள் இவற்றில் ஒரு நன்மை உண்டு. யாரையும் நம்ப வேண்டியதில்லை, நாமே போய்ப் பார்க்கலாம். 2024-ல் ஸ்விட்ச் 2 உதிரிபாகங்களின் ஏற்றுமதி இறக்குமதிப் பதிவுகளைச் சில ரசிகர்கள் பொறுமையாகத் தேடி, 12 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு என்று கண்டுபிடித்தார்கள். 2025 ஜூன் 5-ல் வந்த கன்சோலில் அதுதான் இருந்தது. அந்த ஆட்களின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். "என் சித்தப்பா நின்டெண்டோவில் இருக்கிறார்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பார்சல் பட்டியலைப் படித்தே சாதித்தார்கள்.

ஏற்காடு_ரெஜினா

பாதி உண்மையாக இருக்கும் லீக்கை என்ன செய்வது? எங்கள் வீட்டுக் கதை இது. 2021 மார்ச்சில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது: புது ஸ்விட்ச்சில் 7 அங்குல ஓஎல்இடி திரை, டிவியில் போட்டால் 4கே. ப்ளூம்பெர்க் என்பதால் தம்பிக்கு வாங்க வேண்டிய ஸ்விட்ச்சை அப்பா தள்ளிப்போட்டார். ஜூலையில் நின்டெண்டோ அறிவித்ததில் 7 அங்குல ஓஎல்இடி இருந்தது, 4கே இல்லை. செப்டம்பர் கடைசியில், பல ஸ்டுடியோக்களிடம் 4கே டெவ்கிட் இருப்பதாக மறுபடி ப்ளூம்பெர்க் எழுதியது. நின்டெண்டோ அது உண்மை இல்லை என்று மறுத்தது. தம்பி பத்தாவது படித்தபோது கேட்டது, 4கே ஸ்விட்ச் 2 வந்தபோது அவன் காலேஜில் இருக்கிறான். காபித் தோட்டக் கூலி வாங்கும் வீட்டில் ஒரு முறைதான் வாங்க முடியும். அதனால்தான் காத்திருந்தோம்.

ஃபேர்லேண்ட்ஸ்_அகிலா

ரெஜினா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. தம்பி ஆசைப்பட்ட வயதில் விளையாடியிருக்க வேண்டும்.

அந்தச் செய்தியில் திரை பற்றிய தகவல் திரை செய்யும் பக்கத்தில் இருந்து வந்தது, அது சரியாக இருந்தது. 4கே என்பது வேறு பக்கத்தில் இருந்து வந்த தகவல். இரண்டையும் ஒரே கருவிக்குள் வைத்ததில் சிக்கல் வந்திருக்கலாம். ஒரு செய்திக்குள் இரண்டு மூன்று லீக்குகள் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் எடைபோட வேண்டும். கம்பெனி மறுப்பதையும் பெரிய சான்றாக எடுக்காதீர்கள். விற்பனையில் இருக்கும் கன்சோல் தேங்கிவிடக் கூடாது என்று எந்தக் கம்பெனியும் மறுக்கத்தான் செய்யும். மறுப்பு எந்த வார்த்தைகளில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

ஜங்ஷன்_பிரவீன்

இன்னொரு வகை உண்டு. ஆவணம் நூறு சதவீதம் உண்மை, ஆனால் பொருள் வரவே வராது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டுக்கும் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கும் நடந்த வழக்கின் கோப்புகள் தவறுதலாக முழுசாக வெளியே வந்தன. அதில் "புரூக்ளின்" என்ற பெயரில் டிஸ்க் இல்லாத, உருளை வடிவ சீரிஸ் எக்ஸ், 2 டெராபைட், 2024-ல் வெளியீடு என்று படத்தோடு இருந்தது. நீதிமன்றக் கோப்பு, இதைவிட நம்பகமான லீக் எங்கே கிடைக்கும்? அப்போதே அன்றைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் அது பழைய திட்டம், நிறைய மாறிவிட்டது என்றார். 2024-ல் டிஸ்க் இல்லாத சீரிஸ் எக்ஸ் வந்தது, ஆனால் பழைய அதே பெட்டி வடிவத்தில், வெள்ளை நிறத்தில். உருளை வரவே இல்லை.

லீக் உண்மையா என்பது ஒரு கேள்வி. அது நடக்குமா என்பது தனிக் கேள்வி.

ஐந்துரோடு_விக்கி

அப்படிப் பார்த்தால் எதையுமே நம்ப முடியாதே அண்ணா. அப்புறம் இந்த இழை எதற்கு? நான் லீக் படிப்பதே ஒரு ஆர்வத்தில்தான். 2016-ல் பிஎஸ்4 ப்ரோ பற்றி "நியோ" என்று ஜெயன்ட் பாம் தளத்தில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? 36 யூனிட், 911 மெகாஹெர்ட்ஸ். அறிவிப்புக்கு ஐந்து மாதம் முன்னால். அக்கா சொன்ன கணக்குப்படி போட்டால் 4.2 டெராஃப்ளாப். சோனி சொன்னதும் அதே 4.2.

அடிவாரம்_சேகர்

விக்கி, நல்ல உதாரணம் எடுத்தீர்கள். அது ஏன் பலித்தது என்று பாருங்கள். அது ஸ்டுடியோக்களுக்கு சோனி அனுப்பிய ஆவணத்தில் இருந்து வந்தது. சில வாரம் முன்பே கோட்டாகு தளம், புது பிஎஸ்4 ஒன்று வருகிறது என்று தன் வழியில் எழுதியிருந்தது. எழுதியவர்கள் தங்கள் பெயரைப் போட்டு எழுதினார்கள். தகவல் கொடுத்தவர் பெயர்தான் இல்லை. இது பெரிய வித்தியாசம். தகவலாளரின் பெயர் வெளியே வராவிட்டாலும், அவர் யார், அந்த இடத்தில் இருக்கிறாரா என்று சரிபார்த்த ஒருவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். கார்த்தியின் ஸ்கிரீன்ஷாட்டில் சொன்னவருக்கும் பெயர் இல்லை, சரிபார்த்தவரும் யாரும் இல்லை, தேதிகூட இல்லை.

லீக்கே படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அதில் உள்ள ஆர்வம் குறையவே இல்லை. படிப்பதற்கு வேண்டிய நம்பிக்கை வேறு, 18,000 ரூபாய்க்குக் கன்சோலைக் கொடுப்பதற்கு வேண்டிய நம்பிக்கை வேறு.

இன்னொரு எச்சரிக்கை. "பத்து தளத்தில் வந்துவிட்டது, அதனால் உண்மை" என்பார்கள். பத்தையும் திறந்து பாருங்கள். ஒன்பது தளங்கள் ஒரே ட்வீட்டைக் காட்டும், பத்தாவது அந்த ஒன்பதில் ஒன்றைக் காட்டும். அது பத்து சாட்சி இல்லை, ஒரே சாட்சி.

இழை_மேலாளர்

நல்ல உரையாடல். இரண்டு வேண்டுகோள். யாரிடமாவது ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஆவணம் இருந்தால் இங்கே ஏற்ற வேண்டாம். அப்புறம், பெயர் சொல்லாத லீக்கர் யார் என்று துப்பறியும் வேலையும் வேண்டாம். அதனால் ஒருவருடைய வேலை போகும், சில சமயம் சம்பந்தமே இல்லாத ஒருவருடைய வேலை போகும்.

ஃபேர்லேண்ட்ஸ்_அகிலா

மேலாளர் சொன்னதோடு ஒன்று. யார் வெளியே சொல்கிறார்கள் என்று பிடிக்க, ஒவ்வொருவருக்கும் எண்ணைச் சிறிது மாற்றிக் கொடுப்பது கம்பெனிகளின் பழைய வழி. அதற்குப் பயந்து உண்மையான ஆட்களே எண்களைத் தோராயமாக்கிச் சொல்வதுண்டு. அதனால் "சுமார்" என்று சொல்கிறார் என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். எல்லா எண்ணையும் தசம புள்ளி வரைக்கும் கூச்சமில்லாமல் கொட்டுபவரிடம்தான் எனக்கு அதிகச் சந்தேகம் வரும்.

ஜங்ஷன்_பிரவீன்

கார்த்தி, நம் ஊரில் இருந்து யோசித்தால் இன்னொரு விஷயம் இருக்கிறது. லீக் முழுக்க உண்மையாகவே இருக்கட்டும், அது இந்தியாவுக்கு எப்போது வரும்? பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பர் 7-ல் வெளிநாடுகளில் வந்தது. அப்போது இந்தியாவில் வெளியிடவில்லை. வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை என்று சோனியே காரணம் சொன்னது. அந்தக் கன்சோல் பற்றி வந்த லீக்குகளில் சிப் இருந்தது, ரேம் இருந்தது. நமக்கு வேண்டிய இந்த ஒரு வரி நான் படித்த எதிலும் இல்லை. அன்றைக்கு அந்த லீக்கை நம்பி இங்கே பிஎஸ்5-ஐ விற்றவர் என்ன செய்திருப்பார்?

புதுசு வந்தால் பழசு விலை விழும் என்று கடைக்காரர் சொன்னதையும் அப்படியே எடுக்காதீர்கள். அமெரிக்காவில் டிஸ்க் பிஎஸ்5 2020-ல் 499 டாலர், 2025 ஆகஸ்டில் 549 ஆனது. ஐந்து வருடம் ஆன கன்சோல், விலை ஏறியிருக்கிறது.

குகை_கார்த்தி

எல்லோருக்கும் நன்றி. இன்று கடைக்குப் போய் மூன்று கேள்வி கேட்டேன். இந்த ஸ்கிரீன்ஷாட் முதலில் எங்கே, எந்தத் தேதியில் வந்தது? 46 என்பது இரட்டிப்பு எண்ணா? இந்தியாவில் எப்போது வரும்? முதல் கேள்விக்கு "குரூப்ல வந்துச்சு" என்றார். மற்ற இரண்டுக்கும் பதில் இல்லை. "அப்ப 21,000 தர்றேன்" என்றார். புதுசு வரப்போகிறது, பழசுக்கு மதிப்பே இருக்காது என்றவர் ஏன் விலையை ஏற்றுகிறார் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கொடுக்கவில்லை.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். என்றைக்காவது விற்கத்தான் போகிறேன். எந்தச் செய்தி வந்தால் விற்கலாம்?

ஃபேர்லேண்ட்ஸ்_அகிலா

தம்பி, லீக் எதுவும் வேண்டாம். சோனி தன் வாயால் இந்திய விலையும் இந்தியத் தேதியும் சொன்ன அன்று யோசியுங்கள். போன தடவை எப்படி நடந்தது என்று பாருங்கள்: 2020 செப்டம்பர் 16-ல் உலக விலை அறிவிப்பு, நவம்பரில் வெளிநாட்டில் விற்பனை, இந்தியாவில் 2021 பிப்ரவரி 2. டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். அறிவிப்புக்கும் நம் ஊருக்கு வருவதற்கும் நடுவில் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. விற்பதற்கு அந்த அவகாசம் தாராளம். அதுவரை 2025 அக்டோபரில் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் சேர்ந்து பேசிய வீடியோவைப் பாருங்கள். அடுத்த கன்சோலுக்காகச் செய்யும் தொழில்நுட்பங்களை அதில் பெயரோடு விளக்குகிறார்கள். சில வருடங்களில் வரும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் சொல்லும் "மிக விரைவில்" அதில் இல்லை.

குகை_கார்த்தி

சரி அக்கா, பார்க்கிறேன். ரெஜினா அக்கா, தம்பி லீவுக்கு ஏற்காடு வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி குகைக்கு வரச் சொல்லுங்கள். இரண்டு கன்ட்ரோலர் இருக்கிறது.

ஏற்காடு_ரெஜினா

கண்டிப்பாகச் சொல்கிறேன் கார்த்தி. பொங்கல் லீவுக்கு வருகிறான்.